வெள்ளிக்கிழமைக்கு மாத்தின திருவிழா

1

அன்னைக்கு ரூம்ல இருந்தவங்க.

ராசு மச்சான். கிரேன் ஓட்டுறவர்.

பழனி. ராசு மச்சானுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. ஏசி மெக்கானிக்.

செல்வம். கல்யாணமாகி நாப்பதாம் நாள் பிளைட் ஏறினவன்.

முத்துக்கருப்பன் சித்தப்பா. கேம்ப்ல சமையல். எங்கள்ல மூத்தவர்.

அடைக்கலம் அண்ணன். ஆவூர்ப் பக்கம். எங்க ஊர்த் திருவிழாவுல அவருக்குப் பங்கு கிடையாது. அவர் கட்டிலும் அதே ரூம்ல கிடந்ததால இருந்தார்.

நான்.

ஆறு பேர். அஞ்சு போன் கையில. அடைக்கலம் அண்ணன் போன் சார்ஜ்ல கிடந்துச்சு.

குவைத்துல மத்தியானம் ஒன்றரை மணி. ஊர்ல நாலு மணி. ஆவணிக் கடைசி வெள்ளி. எங்க ஊர்ல மது எடுப்பு. அன்னைக்குச் சாயங்காலம்தான் என் அண்ணன் சின்னையா செத்தார். பாம்பு கடிச்சு, கடலைக் கொல்லையில ஒத்தையா உக்காந்து செத்தார். கையில போன் இருந்துச்சு. போன்ல காசு இருந்துச்சு. சிக்னல் கோடும் முழுசா இருந்துச்சு.

வர்ற வெள்ளியோட வருசம் ஒண்ணு. அதுக்காக எழுதுறேன்.

2

எங்க ஊர் திருவரங்குளத்துக்கும் ஆலங்குடிக்கும் நடுவுல. முந்திரிக்காடு, கடலைக் கொல்லை, தென்னை. ஒரு டவர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால முந்திரிக்காட்டுக்குள்ள நிக்குது. வேற டவர் பக்கத்துல இல்லை.

மது எடுப்பு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பித்தளைக் குடத்துல நெல்லை நிரப்பி, தென்னம்பாளையை விரிச்சுச் சொருகி, பூச்சுத்தி, வீட்டுக்கு ஒரு குடமா பொம்பளைங்க தலையில வச்சுக் கோயிலுக்கு எடுத்துட்டுப் போவாங்க. முன்னால கொட்டு. கோயில்ல குடத்தை இறக்கிட்டுக் கும்மி. ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிரும்.

முந்தி செவ்வாய்க்கிழமைதான் எடுப்பாங்க. நாலு வருசத்துக்கு முன்னால ஊர்க்கூட்டம் போட்டு வெள்ளிக்கு மாத்தினாங்க. அரபு நாட்டுல வெள்ளி லீவு. வெளிநாட்டுல இருக்கிற ஆம்பளைங்க அவங்கவங்க வீட்டுக் குடத்தை போன்ல பார்க்கட்டும்னு மாத்தினாங்க. கேட்டது நாங்க. நானும் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அம்மனுக்கு எல்லாக் கிழமையும் ஒண்ணுதானேன்னு சொன்னேன். சரின்னுட்டாங்க.

முதல் மூணு வருசம் எங்க ரூமுக்கு ஒரே போன். ஊர்ல ஒரு ஆள் பிடிப்பான். இங்க ராசு மச்சான் போனை அரிசி டப்பா மேல சாய்ச்சு வச்சு எல்லாரும் பார்ப்போம். மூணாவது வருசம் சண்டை வந்துச்சு. பிடிச்சவன் பழனி வீட்டுக் குடத்தையே காட்டிக்கிட்டு நின்னான்.

"ஏன்டா, அரைமணி நேரமா ஒன் வீட்டுக் குடமே வருது. எங்க வீட்டுக் குடத்துல நெல்லு இல்லாம உமியா போட்டிருக்கு?" இது ராசு மச்சான்.

"ஒங்க வீட்டம்மா ஒயரம் பத்தாதுண்ணே. பாளை மட்டும்தான் தெரியுது."

கை கலக்கப் பார்த்துச்சு. சித்தப்பா கரண்டியோட நடுவுல வந்தார். நான்தான் தீர்ப்புச் சொன்னேன். அடுத்த வருசத்துல இருந்து அவனவன் வீட்டு போன்ல அவனவன் பார்த்துக்கட்டும். ஒருத்தரை ஒருத்தர் நம்ப வேணாம்.

அடைக்கலம் அண்ணன் கட்டில்ல படுத்தபடியே சொன்னார். "ஒரு போன்லயே பாருங்கய்யா. சண்டை போட்டுக்கிட்டாவது சேந்து பாக்குறீங்க."

யாரும் கேக்கலை. தீர்ப்பு நல்ல தீர்ப்புன்னு எல்லாரும் சொன்னாங்க.

சிங்கப்பூர் ரூம்லயும் மலேசியா ரூம்லயும் அதையேதான் செஞ்சாங்கன்னு பின்னால தெரிஞ்சுச்சு. எங்களைப் பார்த்துத்தான்.

3

போன வருசம் ஒன்றரை மணிக்கு அஞ்சு பேரும் போட்டோம். என் சம்சாரம் குடம் தூக்கினா. மக பவித்ரா போன் பிடிச்சா. அப்ப பிளஸ் டூ. கை ஆடாமப் பிடிப்பா.

ஒரு நிமிசம் வந்துச்சு. குடம் தெரிஞ்சுச்சு. அப்புறம் சம்சாரம் ஒரு காலைத் தூக்கினபடி அப்படியே நின்னுட்டா. படம் உறைஞ்சு போச்சு. வட்டம் சுத்துச்சு.

"அப்பா, நெட்வொர்க் பிஸிப்பா. எல்லாரும் லைவ் போடுறாங்க. ஊரே போனைத் தூக்கிக்கிட்டு நிக்குது."

"கட் பண்ணாத ஆத்தா. நான் திரும்பப் போடுறேன்."

போட்டேன். வந்துச்சு. நின்னுச்சு. போட்டேன்.

பக்கத்துக் கட்டில்ல செல்வம் போனை மூஞ்சிக்கு நேரா வச்சுக்கிட்டு, "தெரியுதா, நான் தெரியுறேனா"ன்னு கத்திக்கிட்டிருந்தான்.

"டேய், நீ தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? ஒன் பொண்டாட்டி கண்ணை மூடிக்கிட்டு சாமி கும்பிடுது"ன்னார் ராசு மச்சான். எல்லாரும் சிரிச்சோம். அவர் போனும் சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. மறுபடி போட்டார். எல்லாரும் மறுபடி மறுபடி போட்டோம்.

மூன்றரை மணி வரைக்கும் இப்படியே. அப்புறம் பிரியாணி சாப்பிட்டோம். நல்லா இருந்துச்சு. அதை மறைக்கக்கூடாது.

4

அண்ணன் திருவிழாவுக்குப் போகலை. அந்த வாரம் மும்முனைக் கரண்ட் பகல்ல விட்டாங்க. கடலை பூ எடுத்து விழுது இறங்குற நேரம். தண்ணி வுடலைன்னா கெட்டுப் போகும். அண்ணிகிட்ட, "நீ குடம் எடு, நான் மோட்டாரைப் போட்டுட்டு இறக்குறப்ப வந்துர்றேன்"ன்னு சொல்லிட்டுப் போனார்.

மோட்டார் ரூம் மூலையில சாக்கு கிடந்துச்சு. அதுக்கு அடியில நல்ல பாம்பு. கால்ல போட்டிருச்சு.

நூறு நாள் வேலைக்குப் போற இடத்துல நர்ஸ் ஒருத்தர் வந்து சொல்லியிருக்காங்க. அண்ணனும் அண்ணியும் சேந்துதான் கேட்டாங்க. பாம்பு கடிச்சா ஓடாதீங்க, நடக்காதீங்க, விசம் சீக்கிரம் ஏறும். கயிறு கட்டாதீங்க, கத்தி வைக்காதீங்க. அசையாம உக்காந்து போன் போடுங்க, வண்டி வரும். அந்தம்மா சரியாத்தான் சொன்னாங்க. பின்னால போஸ்ட்மார்ட்டம் பண்ணின டாக்டரும் அதையேதான் சொன்னார்.

அண்ணன் சொன்ன சொல் கேக்கிற ஆள். அசையாம உக்காந்தார். சுவத்துல சாஞ்சு காலை நீட்டி, துண்டை விரிச்சு அதுமேல காலை வச்சு உக்காந்திருந்தார். பட்டன் போனை எடுத்துப் போட்டார்.

தார் ரோடு கூப்பிடு தூரம்தான். ரோட்டுல ஆள் இல்லை. எல்லாரும் கோயில்ல. கூப்பிட்டிருப்பார். கொட்டுச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?

ஆறரை மணிக்குக் கூட்டம் கலைஞ்சுச்சு. அண்ணி அவருக்குப் போன் போட்டாங்க. அப்ப டவர் கிடைச்சுச்சு. முதல் தடவையே மணி அடிச்சுச்சு. எடுக்கலை. கொல்லைக்குப் போய்ப் பார்த்தாங்க. மோட்டார் ஓடிக்கிட்டிருந்துச்சு. தண்ணி வாய்க்கா தாண்டி ரோட்டுக்கு வந்திருந்துச்சு.

5

எனக்குச் செய்தி வந்தப்ப குவைத்துல சாயங்காலம் ஆறு மணி. பவித்ரா பேசினா. வீடியோ இல்லை, குரல் மட்டும். தெளிவாக் கேட்டுச்சு. பக்கத்துல நின்னு பேசுற மாதிரி.

இங்க வெள்ளியும் சனியும் ஆபீஸ் பூட்டு. பாஸ்போர்ட் கம்பெனி பெட்டியில. கம்பெனிக்காக அரசாங்க ஆபீஸ் வேலை பார்க்கிற ஆளை மந்தூப்னு சொல்வாங்க. அவன் போன் எடுக்கலை. ஞாயித்துக்கிழமை காலையில ஆபீஸ் வாசல்ல நின்னேன். அதுக்குள்ள ஊர்ல அண்ணனை எடுத்துட்டாங்க. என் மகன்தான் எனக்குப் பதிலா நின்னான்.

ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன். "மை பிரதர், ஸ்னேக், டெட்." அங்க இருந்த கிளார்க் எழுதிக்கிட்டான். உக்காருன்னான். ஒரு மணி நேரம் கழிச்சு கேம்ப்ல இருந்து பழனி போன் போட்டான்.

"அண்ணே, சேஃப்டி ஆபீசர் ரெண்டு பேர் வந்து கட்டிலை எல்லாம் தூக்கிப் பாக்குறாங்க. ரூம்ல பாம்பு இருக்குன்னு சொன்னியா?"

பாம்பு இங்க இல்லை, ஊர்லன்னு புரியவைக்க மத்தியானம் ஆயிருச்சு. அப்புறம் அவன் ஒரு பேப்பரைத் திருப்பிக் காட்டினான். அவசர லீவு யாருக்குன்னு அதுல போட்டிருக்கு. அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை. அண்ணன் அதுல இல்லை.

"ஓல்ட் பிரதர்?"ன்னு கேட்டான். வயசைக் கேட்டானா மூத்தவரான்னு கேட்டானா தெரியலை. எஸ்ஸுன்னேன். சாரின்னு சொல்லி ஒரு சாக்லேட் கொடுத்தான். வாங்கிக்கிட்டேன். வாங்காம இருக்கத் தெரியலை.

சம்பளம் இல்லாத லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். இறப்புச் சான்றிதழ் கேட்டான். பாம்புக்கடின்னா போஸ்ட்மார்ட்டம், போலீஸ் பேப்பர், அப்புறம்தான் சான்றிதழ். வந்ததும் அரபியில மாத்தணும்னான். மாத்தினதுல ஊர்ப் பேர் தப்பு. திரும்ப மாத்தினேன். மூணு மாசம் கழிச்சு விமானம் ஏறினேன்.

6

அண்ணி அந்த பட்டன் போனை மஞ்சப்பையில போட்டு ஆணியில மாட்டியிருந்தாங்க. சார்ஜ் போட்டு எடுத்தேன். போன் போட்ட நம்பர் வரிசையா நின்னுச்சு. அந்த போன்ல கடைசி இருபதுதான் நிக்கும். அண்ணிக்கு எட்டு. நூத்தியெட்டுக்கு ஏழு. பவித்ராவுக்கு நாலு. மொத்தம் பத்தொன்பது. இருபதாவது காலையில உரக்கடைக்குப் போட்டது. முதல் போன் நாலு நாப்பதுக்கு. கடைசி அஞ்சு அம்பத்திரண்டுக்கு.

ஒண்ணு கூட இவங்க பக்கம் வந்து சேரலை. அண்ணி போனையும் பவித்ரா போனையும் வாங்கிப் பார்த்தேன். மிஸ்டு கால் கூட இல்லை.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்தோம். ரெண்டாவது டவர் வேணும், இருக்கிற ஒண்ணு பத்தலைன்னு. அண்ணி, நான், பவித்ரா. நல்லா விசாரிச்சாங்க. அந்த டவர் கம்பெனிக்கு அனுப்பினாங்க. கம்பெனியில இருந்து ஆள் வந்தான். ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு மீட்டரை வச்சுப் பார்த்தான். சிக்னல் புல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போனான். புதன்கிழமை பத்து மணிக்கு எங்க ஊர்ல போனைத் தூக்கிக்கிட்டு எவன் நிப்பான்? பதில் கடிதாசி வந்துச்சு. 'குறிப்பிட்ட இடத்தில் சேவை திருப்திகரமாக உள்ளது.'

பவித்ரா அதை வாசிச்சுக் காட்டினா. வாசிச்சுட்டு மடிச்சு வச்சா. நான் இருந்த நாப்பது நாளும் அவ என்கிட்ட அதிகம் பேசலை. நான் குவைத்துக்குக் கிளம்புறப்ப கூட அவ போனை வேற ரூம்லயே போட்டு வச்சிருந்தா. இப்ப புதுக்கோட்டையில காலேஜ். வாய்ஸ் மெசேஜ்தான் வருது. "சாப்பிட்டேன். பஸ் வந்துருச்சு. வைக்கிறேன்." எட்டு செகண்டு. மகன் மட்டும் வீடியோவுல வருவான். அவனும் வேற எதையோ பார்த்துக்கிட்டே பேசுவான்.

7

என் வேலை என்னன்னு சொல்லலை. டவர் வேலை. செல்போன் டவருக்குக் கேபிள் இழுக்கிற ஹெல்ப்பர். பதினோரு வருசமா இதான்.

இங்க பெரிய ஃபுட்பால் ஆட்டம் நடந்தா, மைதானத்துக்கு வெளியே ட்ரெய்லர்ல டவர் கொண்டாந்து நிறுத்துவாங்க. சக்கரம் வச்ச டவர். ஆட்டம் முடியிற வரைக்கும் நிக்கும். மறுநாள் மடிச்சு எடுத்துட்டுப் போயிருவோம். இந்த மார்ச்சுல ஒண்ணுக்கு நான்தான் கேபிள் இழுத்தேன். அன்னைக்குத்தான் டெக்னீசியன் ஷாஜிகிட்ட கேட்டேன். அவர் மலையாளத்துல சொன்னதை என் பாசையில எழுதுறேன்.

"கோடு புல்லா இருந்தும் ஏன் போகலை?"

"கோடு புல்லுன்னா பஸ் ஸ்டாண்டுக்கு பஸ் வந்திருக்குன்னு அர்த்தம். உள்ள எடம் இருக்குன்னு அர்த்தம் இல்லை."

"அவர் பேசத்தானே போட்டார். வீடியோ இல்லையே."

"வீடியோங்கிறது மூட்டை முடிச்சோட ஏறுற ஆள். ஒருத்தன் ஏறினா பல பேர் எடம் போச்சு. எறக்கிவிட்டா சும்மா இருக்கானா? உடனே திரும்ப ஏறுறான். திரும்பத் திரும்ப போடுறாங்க பாரு, அதுதான் வாசலை அடைக்கிறது."

"பட்டன் போனுக்குத் தனி வழி கிடையாதா?"

ஷாஜி கேபிளைக் கீழ வச்சார். "இருந்துச்சு. இப்ப எல்லா ஊர்லயும் அதைச் சுருக்கிச் சுருக்கி புது போனுக்குக் கொடுத்துக்கிட்டு வர்றாங்க. பழைய போன் வச்சிருக்கிறவன் குறைச்சல்தானேன்னு."

அப்புறம் கேட்டார். "யாருக்கு என்ன ஆச்சு?"

"அண்ணன்"னேன்.

"கூடப் பொறந்த சேட்டனா?"

"ஆமா."

அன்னைக்குப் பூரா என் பக்கத்துக் கேபிளையும் அவரே இழுத்தார்.

இத்தனை வருசம் டவர் வேலை பார்த்தவன் நான். இது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். கேபிளோட கனம் தெரியும். அதுக்குள்ள என்ன போகுதுன்னு கேட்டதில்லை.

8

இந்த வருசம் வேண்டாம்னு ஊருக்குச் சொல்லிப் பார்த்தேன். போன் வேணாம், கொட்டு ஆரம்பிச்சதுல இருந்து இறக்குற வரைக்கும் எல்லாரும் அணைச்சு வைங்க, இல்லை பழையபடி செவ்வாய்க்கு மாத்துங்கன்னு. ஊர்த் தலைவர் திரும்பப் பேசினார்.

"நீங்க பாக்கத்தானப்பா வெள்ளிக்கு மாத்துனோம். இப்ப நீங்களே வேணாங்கிறீங்க. மத்த நாட்டுல இருக்கிற நம்மாளுங்க பாக்கணுங்கிறாங்களே. சின்னையா விதி அது. போனா கடிச்சுச்சு?"

போனை வச்சுட்டேன்.

திரும்ப மனு எழுதலாம்னு அடைக்கலம் அண்ணன் சொன்னார். பன்னெண்டு வரை படிச்சவர். கையெழுத்து நல்லா இருக்கும். இந்தத் தடவை வெளிநாட்டுல இருக்கிறவங்களும் கையெழுத்துப் போட்டு அனுப்புவோம்னார். திருவிழா அன்னைக்காவது சக்கரம் வச்ச டவர் ஒண்ணு கொண்டாந்து நிறுத்தச் சொல்லிக் கேட்டு எழுதினார். பத்தொன்பது போன் போகாததை நேரம் வாரியா எழுதினார். எழுதினதைப் போட்டோ எடுத்து பவித்ராவுக்கு அனுப்பினேன்.

பதில் வந்துச்சு. எட்டு செகண்டு இல்லை. ரொம்ப நாளைக்கு அப்புறம் நீளமா.

"அப்பா, படிச்சேன். டவரை மட்டும் எழுதியிருக்கீங்க. பெரியப்பா எத்தனை தடவை போட்டாருன்னு எழுதியிருக்கீங்க. நாம எத்தனை தடவை போட்டோம்னு இல்லை. ஒங்க ரூம்ல எல்லாரும் எண்ணிச் சொல்லுங்க. நீங்களும் எண்ணுங்க. அதையும் எழுதினாத்தான் நான் கலெக்டர் ஆபீஸ்ல கொடுப்பேன். வெள்ளிக்கிழமை நான் போன் பிடிக்க மாட்டேன். அம்மாவும் இந்த வருசம் குடம் எடுக்கலை. பெரியம்மா கூட கொல்லையில இருப்போம்."

சத்தமா வச்சுத்தான் கேட்டேன். ரூம்ல எல்லாரும் கேட்டாங்க. சித்தப்பா அடுப்பை அணைச்சுட்டு வந்து உக்காந்தார்.

"அதெல்லாம் இப்பவும் இருக்குமாடா? வருசம் ஒண்ணு ஆச்சே?"ன்னு ராசு மச்சான் கேட்டார்.

"மேல தள்ளிக்கிட்டே போனா இருக்கும்ணே"ன்னான் பழனி.

"எண்ணி என்ன ஆகப்போகுது?" இதுவும் ராசு மச்சான்.

அடைக்கலம் அண்ணன் பேனா மூடியைக் கழட்டினார். "ஆகுதோ ஆகலையோ. புள்ளை கேட்டிருக்கு. சொல்லுங்க."

தள்ளினாங்க.

ராசு மச்சான் பன்னெண்டு.

பழனி ஒன்பது.

சித்தப்பா ஆறு. "எனக்குப் போடத் தெரியாதுப்பா. இவன்தான் போட்டுக் கொடுத்தான்"ன்னு பழனியைக் காட்டினார். அடைக்கலம் அண்ணன் சித்தப்பா பேர்லயே எழுதினார்.

செல்வம் போன் மாத்திட்டான். பழசு ஒண்ணும் இல்லைன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு அவனே பொண்டாட்டிக்குப் போன் போட்டு எண்ணிச் சொல்லச் சொன்னான். இருபத்திரண்டு. சொல்லிட்டு வெளிய போயிட்டான்.

அடைக்கலம் அண்ணன் தன் பேரை எழுதிப் பக்கத்துல சைபர் போட்டார். அப்புறம், "நான் தடுத்திருக்கணும். கட்டில்ல படுத்துக்கிட்டே சொன்னேன். எந்திரிச்சு வந்து சொல்லியிருக்கணும்"னார். சைபரை அடிக்கலை. அப்படியே விட்டார்.

"ஒன்னோடது?"

பவித்ரா பேரைத் தொட்டு மேல தள்ளினேன். போன வருசத்துக்குப் போய்ச்சேர ரொம்ப நேரம் ஆகலை. அதுக்கப்புறம் நாங்க பேசினது கொஞ்சம்தான். ஆவணி வெள்ளி வந்துச்சு. ஒன்றரை மணி. வீடியோ கால், வீடியோ கால், வீடியோ கால்னு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. எல்லாம் நான் போட்டது. விரல் வச்சு எண்ணினேன். சரியான்னு இன்னொரு தடவை எண்ணினேன்.

முப்பத்தி ஒண்ணு.